முதலாளி இருந்தால் கிளம்பும் கார்

பெட்ரோல் இருந்தது. ஓட்டத் தெரிந்த டிரைவர் இருந்தார். இஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று காரைக்குடி மெக்கானிக் சத்தியம் செய்திருந்தார். இருந்தும் கார் நின்றுவிட்டது.

பட்டென்று நிற்கவில்லை. முதலில் ஒரு விக்கல். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு விக்கல். டிரைவர் வீரையா மிதிக்க மிதிக்க வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், குன்றக்குடி மலைப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும் பருமனான பக்தரைப் போலப் பெருமூச்சு விட்டு, நடு வெயிலில் அடங்கிவிட்டது.

"வந்துருச்சு சார். அதே எழவு வந்துருச்சு." வீரையா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"பத்தடி தள்ளிக் கருவை மரம் இருக்கு. நிழல்ல நிக்கக்கூடத் தெரியாத காரு," என்றாள் பின் சீட்டிலிருந்த சொர்ணவல்லி. "மாமா, முதல் குற்றம் இதுதான். எழுதிக்கவா?"

மாமா என்றது காசிவிஸ்வநாதனை. காரைக்குடியில் 'துப்பறியும் நிபுணர்' என்று பலகை மாட்டியிருந்த ஒரே மனிதர். சொர்ணவல்லி அவருடைய அக்கா மகள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு அவருடைய ஆபீஸில் கடிதம் அடிக்கச் சேர்ந்தவள். கடிதங்கள் அதிகம் வராததால், அவரோடு சேர்ந்து துப்பறியவும், துப்பறியும்போது அவரைக் கேலி செய்யவும் அவளுக்கு நேரம் இருந்தது.

"கேலியெல்லாம் அப்புறம். பானெட்டைத் தூக்கு," என்றார் காசிவிஸ்வநாதன்.

அவர் குரலில் சிரிப்பு இல்லை. பொழுது சாய்வதற்குள் நேமத்தான்பட்டிக்குத் திரும்பி, இந்தக் கார் ஏன் நிற்கிறது என்று அதன் முதலாளி நாச்சியப்ப செட்டியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், விளக்கு வைக்கும் நேரத்தில் வீரையாவைப் போலீஸில் ஒப்படைத்துவிடுவதாகச் செட்டியார் சொல்லியிருந்தார்.

காலையில் அவர் வீட்டு முகப்பில் நடந்த பேச்சு காசிவிஸ்வநாதனின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"காசி, இதுல துப்பறியறதுக்கே ஒண்ணுமில்லை," என்று ஆரம்பித்தார் செட்டியார். "நான் கார்ல இருக்குறப்ப வழியில நின்னா, அஞ்சு நிமிஷத்துல கிளம்பிருது. நான் இல்லாதப்ப நின்னா, ஒரு மணி நேரம் நிக்குது. முதலாளி உள்ள இருக்காகளா இல்லையான்னு காருக்குத் தெரியுமா? தெரியாது. டிரைவருக்குத் தெரியும்."

காசிவிஸ்வநாதன் ஏற்கெனவே சாட்சிகளை விசாரித்துவிட்டார். செட்டியார் சொன்னது அத்தனையும் உண்மை.

"அவனுக்கு என்ன ஆதாயம்?" என்று கேட்டுப் பார்த்தார்.

"கறுவு. டாங்குக்குப் பூட்டுப் போட்டேன்ல? அந்தக் கறுவு. பூட்டுப் போட்ட நாள்லேருந்துதானே இது நடக்குது!"

அதுவும் உண்மைதான். செட்டியாரின் கார் பினாங்கிலிருந்து கப்பலில் வந்த பழைய கறுப்பு பிளஷர் கார். அதன் பெட்ரோல் டாங்க் மூடி எங்கோ கழன்று விழுந்துவிட்டது. அந்த மாதிரி மூடி மெட்ராஸில்கூடக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் துணியைச் சுருட்டி அடைத்து ஓட்டினார்கள். பெட்ரோல் வேகமாகக் குறைந்தது. டிரைவர் திருடி விற்கிறான் என்று செட்டியார் சந்தேகப்பட்டார். ஆசைத்தம்பி ஆசாரியைக் கூப்பிட்டுப் பித்தளையில், திருகி மூட மரை வைத்து ஒரு மூடி செய்யச் சொன்னார். உள்ளே தோல் வளையம், மேலே கொண்டி, கொண்டியில் ஒரு சின்னத் திண்டுக்கல் பூட்டு. சாவி செட்டியாரின் அரைஞாண் கயிற்றில்.

இந்த வழக்கு பெட்ரோல் வழக்காக மட்டும் இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. போன வாரம் செட்டியாரின் மனைவி மீனாள் ஆச்சியின் அண்ணன் சிதம்பரம் காரைக்குடியில் படுத்த படுக்கையாகி, தங்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். செட்டியாருக்குக் காய்ச்சல். சிதம்பரத்தை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தாலும் இருக்கும் என்று டாங்கை முட்ட நிரப்பிப் பூட்டிவிட்டு, மனைவியை வீரையாவோடு அனுப்பினார். கார் பாதி வழியில் நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. மீனாள் ஆச்சி போய்ச் சேர்ந்தபோது அண்ணன் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

இன்று காலையில் ஆச்சி ஒரு வார்த்தைதான் பேசினார்.

"யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, வழிக்கு வைத்துக்கொள் என்று பலகாரம் நிறைந்த ஒரு பித்தளைச் சம்புடத்தைச் சொர்ணவல்லியின் கையில் கொடுத்தார். துக்க வீட்டிலும் வந்தவர்களை வெறுங்கையாக அனுப்ப அவருக்குத் தெரியவில்லை.

பானெட் திறந்தது. இங்கே ஒன்றைப் பொறுமையாகத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

காரில் பெட்ரோல் டாங்க் இருப்பது பின்னால், தாழ்வாக. இஞ்சின் இருப்பது முன்னால், உயரமாக. பெட்ரோல் தானாக ஏறி வராது. அதை இழுத்து வருவதற்கென்று இஞ்சினின் விலாவில் ஒரு பம்பு உண்டு. அதன் உள்ளே மெல்லிய தகடு ஒன்று, தவளையின் தொண்டை போல விம்மி விம்மி அடங்கும். அது ஒரு பக்கம் போகும்போது டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். திரும்பி வரும்போது அழுத்தி மேலே கார்புரேட்டருக்குத் தள்ளும். பம்பின் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்து வைத்திருக்கும். பெட்ரோல் வருகிறதா இல்லையா என்று அதன் வழியே கண்ணால் பார்க்கலாம்.

காசிவிஸ்வநாதன் பார்த்தார். கிண்ணத்தில் அடியில் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான்.

கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பின் அடியிலிருந்த சின்ன நெம்புகோலைக் கையால் அடித்தார். நல்ல பம்பு என்றால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். இரண்டு சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் இல்லை.

"அழுத்தமே இல்லை," என்றார்.

"உங்களுக்காச்சும் அது இருக்கா மாமா?"

"இந்தக் குற்றத்துக்கு மூணு பேர்தான் சந்தேக நபர்கள், வல்லி. பம்புத் தகடு கிழிஞ்சிருக்கலாம். குழாய்ல அடைப்பு இருக்கலாம். குழாய்ல எங்கயாச்சும் கீறல் விட்டுப் பெட்ரோலுக்குப் பதிலாக் காத்து வரலாம்."

"மூணையும் மெக்கானிக் மாத்திட்டாரு சார்," என்றார் வீரையா. "புதுத் தகடு, புதுக் குழாய். பட்டறையில பெட்ரோல் பீச்சி அடிச்சுச்சு. நானே பாத்தேன். ரோட்டுக்கு வந்தா இப்படி."

"மூணு பேரும் விடுதலை," என்றாள் சொர்ணவல்லி. "மிச்சம் நீங்கதான் வீரையாண்ணே."

கேலியாகத்தான் சொன்னாள். வீரையா கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அதான் ஆத்தா நானும் நெனைக்கிறேன். எங்கையிலதான் ஏதோ இருக்கு. முதலாளி வந்து நின்னா கிளம்புது. நான் என்ன பண்ணாலும் கிளம்ப மாட்டேங்குது. பம்பு மேல ஈரத்துணி போட்டேன். தேங்கா ஒடைச்சேன். அன்னைக்கு ஆச்சி பின்னாடி உக்காந்து 'வீரையா, வீரையா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாக. நான் இந்த நெம்புகோலை அடிச்சுக்கிட்டே இருந்தேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. போலீஸ்ல என்னைக் கேட்டா, ஆமா நான்தான்னு சொல்லிருவேன் போலிருக்கு."

சொர்ணவல்லி சம்புடத்தைத் திறந்து அவரிடம் நீட்டினாள். மன்னிப்புக் கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். அவர் எடுக்கவில்லை. அவளே ஒரு சீப்புச்சீடையை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்றது.

"பண்ணி ஒரு மாசமாச்சாம். இப்ப அடுப்புலேருந்து எடுத்த மாதிரி இருக்கு."

"ஆசைத்தம்பி ஆசாரி செஞ்ச சம்புடம்ல," என்றார் வீரையா. "அவுக மூடி போட்டா எதுவும் நமுத்துப் போகாது. டாங்கு மூடியும் அவுக கை வேலைதான்."

காசிவிஸ்வநாதன் இதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. அவர் காரின் பின்பக்கம் போய் டாங்க் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பித்தளை மூடி வெயிலில் தங்கம் போல மின்னியது. பூட்டில் கீறல் இல்லை. ஆனால் மூடிக்குக் கீழே கறுப்புப் பெயிண்டில் ஒரு கை அகலத்துக்கு வெளுத்த தடம் இறங்கியிருந்தது.

"வீரையா, துணி அடைச்சு ஓட்டுனப்ப திருப்பத்துல பெட்ரோல் சிந்துச்சா?"

"வாசம் வரும் சார். சிந்துச்சான்னு நான் எங்கே பாக்க, முன்னாடியில்ல உக்காந்திருக்கேன்?"

"சிந்தியிருக்கு. பெயிண்டையே தின்னிருக்கு. பெட்ரோலைத் திருடுனது ரோடுதான்."

"அப்ப ஒரு குற்றத்துலேருந்து வீரையாண்ணே தப்பிச்சாரு," என்றாள் சொர்ணவல்லி.

"சின்னக் குற்றத்துலேருந்து."

திரும்பி முன்னால் வந்தார். வேறு வழி தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒரு முறை கழற்றிப் பார்த்தாயிற்று, ஒன்றைத் தவிர. டாங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாய். அதன் நட்டை ஸ்பேனரால் தளர்த்திக் குழாயைப் பம்பிலிருந்து பிரித்தார். பெட்ரோல் சொட்டும் என்று கீழே ஒரு டப்பாவைப் பிடித்தாள் சொர்ணவல்லி. ஒரு சொட்டும் விழவில்லை. அடைத்துப் பார்ப்போம் என்று குழாய் வாயில் ஆள்காட்டி விரலை வைத்தார்.

விரல் ஒட்டிக்கொண்டது.

"வல்லி, இங்குட்டு வா."

"என்ன மாமா, மாட்டிக்கிச்சா?"

"மாட்டல. இழுக்குது."

அவள் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பால் குடிக்கும் கன்றுக்குட்டியின் வாயில் விரலை வைத்த மாதிரி மெல்ல, விடாமல் உள்ளே இழுத்தது.

"பம்பு இழுக்கும்னுதானே சொன்னீக?"

"பம்பு இந்தப் பக்கம் இருக்கு. அதைத்தான் கழற்றிட்டோமே! இந்தக் குழாய் டாங்குக்குப் போறது. அந்தப் பக்கத்துலேருந்து இழுக்குறது யாரு?"

மூன்று பேரும் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

"டாங்குக்குள்ள யாராச்சும் உக்காந்து உறிஞ்சுறாகளோ?" என்றாள் சொர்ணவல்லி. இந்த முறை அவள் குரலே கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

விரலை எடுத்தார். குழாய் 'ஸ்ஸ்' என்றது. பின்னால் டாங்குக்குள் 'குளுக் குளுக்' என்று ஏதோ கொப்பளித்தது. பிறகு அமைதி. மறுபடியும் விரலை வைத்தார். இப்போது இழுக்கவில்லை.

குழாய்களைப் பூட்டி நெம்புகோலை அடித்தார். கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் துள்ளிக்கொண்டு ஏறியது. வீரையா ஓடிப்போய் உட்கார்ந்து செல்ஃபைத் தட்ட, கார் ஒன்றுமே நடக்காதது போல உறுமியது.

"சார்! முதலாளி இல்லாம இவ்வளவு சீக்கிரம் கிளம்புனதே இல்லை சார்!"

"என்ன மாமா பண்ணீக?"

"தெரியல," என்றார் காசிவிஸ்வநாதன். "அதுதான் கஷ்டமா இருக்கு. குழாயைக் கழற்றினேன், மாட்டினேன். ஒரு தப்பும் பண்ணாத குழாயைக் கழற்றி மாட்டினா ஏன் கிளம்பணும்?"

கோட்டையூருக்குள் நுழையும்போது மறுபடியும் விக்கல் வந்தது. ஒரு கடை வாசலில் கார் அடங்கியது. மறுபடியும் குழாயைக் கழற்றலாம். கிளம்பும். பிறகு நிற்கும். செட்டியாரிடம் போய் 'விரலை வைத்தால் சரியாகிறது' என்றா சொல்வது? பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு டவுன் பஸ் அவர்கள் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுக் காரைக்குடிப் பக்கம் போயிற்று.

"அந்த பஸ்ல ஏறி நம்ம வீட்டுக்குப் போயிரலாமா மாமா? அத்தை புளியோதரை கிண்டுறேன்னாக."

காசிவிஸ்வநாதன் கடைவாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளே கடைக்காரர் மலையாண்டி புதுக் கடலெண்ணெய் டின் ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. டின்னைச் சாய்த்தார். எண்ணெய் சரசரவென்று வந்தது. திணறியது. 'குளுக்' என்றது. நின்றுவிட்டது.

காசிவிஸ்வநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மலையாண்டி டின்னை நிமிர்த்தி எதிர் மூலையில் இன்னொரு தட்டுத் தட்டினார். சாய்த்தார். எண்ணெய் நூல் பிடித்தது போல, அறுபடாமல் அளவுப்படிக்குள் இறங்கியது.

"என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்குறீக? எண்ணெய் வேணுமா?" என்றார் மலையாண்டி.

"வேண்டாம். ஓட்டை வேணும்."

மலையாண்டி சொர்ணவல்லியைப் பார்த்தார். "வெயில்ல அலைஞ்சாரு," என்றாள் அவள்.

"வீரையா!" காசிவிஸ்வநாதன் கத்தினார். "உண்மையச் சொல்லு. டாங்க் நிறைஞ்சிருந்தா சீக்கிரம் நிக்குமா, பாதி இருந்தா சீக்கிரம் நிக்குமா?"

வீரையா தயங்கினார். "நிறைஞ்சிருந்தாத்தான் சார் சட்டுனு நிக்கும். பாதி இருந்தா ரொம்பத் தூரம் தாங்கும். சொன்னா கிறுக்குன்னு சொல்லுவீகன்னு சொல்லல."

"முதலாளி கூட வரும்போது வண்டி நின்னா அவர் முதல்ல என்ன பண்ணுவாரு?"

"இறங்கிப் பின்னாடி போவாக. பெட்ரோல் இருக்கா, நான் எடுத்துட்டேனான்னு பாப்பாக. குச்சியை விட்டுப் பாத்துட்டு 'இருக்கே, எடுறா வண்டிய'ம்பாக. எடுப்பேன். கிளம்பிரும்."

காசிவிஸ்வநாதன் சிரித்தார். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு, சற்று முன் எண்ணெய் நின்றது போல, பாதியில் நின்றது.

"என்ன மாமா? கண்டுபிடிச்சுட்டீகளா?"

"கண்டுபிடிச்சுட்டேன். ஆச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

குழாயை ஒரு முறை கழற்றி மாட்டி, வந்த வழியே திரும்பினார்கள். வழியில் இன்னும் ஒரு முறை நின்றது. அப்போதும் அதே வைத்தியம். ஊர் எல்லை வந்ததும் வீரையாவிடம் காசிவிஸ்வநாதன் ஒரு விசித்திரமான உத்தரவு போட்டார்.

"இப்ப நேரா வீட்டுக்குப் போகாதே. விக்கல் வர்ற வரைக்கும் தெருத் தெருவாச் சுத்து. வந்ததும் வீட்டு வாசலுக்கு விடு. இந்தக் காரு அங்கேதான் சாட்சி சொல்லணும்."

நேமத்தான்பட்டியின் நீண்ட மதில்களைக் கார் வலம் வந்தது. விக்கல் வந்தது. கடைசி முப்பது கஜத்தைக் காசிவிஸ்வநாதனும் சொர்ணவல்லியும் தள்ளியே கடந்தார்கள். நாச்சியப்ப செட்டியார் முகப்பிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மீனாள் ஆச்சி.

"வாசல்லயே நின்னுருச்சா? என்ன தைரியம் பாத்தீகளா இவனுக்கு!" என்றார் செட்டியார்.

வீரையா செல்ஃபைத் தட்டினார். இஞ்சின் சுற்றியது. கிளம்பவில்லை. மறுபடி தட்டினார். கிளம்பவில்லை.

"செட்டியாரே," என்றார் காசிவிஸ்வநாதன், "நீங்க கார்ல வர்றப்ப நின்னா என்ன செய்வீகளோ, அதையே இப்பச் செய்ங்க. ஒண்ணையும் மாத்த வேண்டாம்."

செட்டியார் பின்னால் போனார். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். மூடியைப் பிடித்துத் திருகினார்.

'உஸ்ஸ்ஸ்…'

நீளமான சத்தம். வாசல் முழுக்கக் கேட்டது. வீரையா கேட்டார். ஆச்சியும் கேட்டார்.

"இந்தச் சத்தம் எப்பவும் வருமா?" என்றார் காசிவிஸ்வநாதன்.

"வரும். பெட்ரோல் ஆவி வெளிய போறது." செட்டியார் குச்சியை விட்டுப் பார்த்தார். "இருக்கே. எடுறா வண்டிய!"

வீரையா நெம்புகோலைச் சில தடவை அடித்துவிட்டு வந்து செல்ஃபைத் தட்டினார். கார் உறுமிக் கிளம்பியது.

செட்டியார் இரு கையையும் விரித்தார். "பாத்தீகளா! நான் சொன்னேன்ல? நான் வந்து நின்னாக் கிளம்புது!"

"நீங்க வந்ததால இல்லை," என்றார் காசிவிஸ்வநாதன். "சாவி வந்ததால."

செட்டியாருக்குப் புரியவில்லை. காசிவிஸ்வநாதன் சொர்ணவல்லியின் கையிலிருந்த சம்புடத்தை வாங்கினார்.

"ஆவி வெளிய போகல செட்டியாரே. காத்து உள்ள போச்சு. ஆசைத்தம்பி ஆசாரி இந்தச் சம்புடத்துக்கு மூடி போட்டா காத்து நுழையாது. அதனாலதான் சீடை நமுக்கல. அதே கை டாங்குக்கும் மூடி போட்டுச்சு. காரோட வந்த பழைய மூடியில ஊசி நுழையற மாதிரி ஓர் ஓட்டை இருந்திருக்கும். காரைச் செஞ்ச வெள்ளைக்காரன் அதை வேணும்னுதான் வச்சான். பம்பு பெட்ரோலை இழுக்க இழுக்க, காலியாகிற இடத்துக்குக் காத்து வரணும். வரலைன்னா டாங்கு உள்ளேருந்து திருப்பி இழுக்கும். பம்பு இந்தப் பக்கம் இழுக்குது, டாங்கு அந்தப் பக்கம் இழுக்குது. நடுவுல பெட்ரோல் நகராது."

"நிறைஞ்ச டாங்குல ஏன் சீக்கிரம் நிக்குதுன்னும் சொல்லிருங்க மாமா," என்றாள் சொர்ணவல்லி மெதுவாக. அவளும் வழியில் யோசித்து முடித்திருந்தாள்.

"நிறைஞ்ச டாங்குல காத்து கொஞ்சம்தான் இருக்கும். கொஞ்சம் பெட்ரோல் போனாலும் டாங்கு திருப்பி இழுக்க ஆரம்பிச்சுரும். பாதி டாங்குல காத்து நிறைய இருக்கும், ரொம்ப நேரம் தாங்கும். பூட்டைத் திறந்தா ஒரு நொடியில சரியாயிரும். திறக்கலைன்னா, மரை இடுக்கு வழியா மெல்ல மெல்லக் காத்துக் கசியணும். அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வீரையா அந்த ஒரு மணி நேரமும் ஒண்ணும் பண்ணல. பண்றதுக்கு அவன்கிட்ட ஒண்ணும் இல்லை."

யாரும் பேசவில்லை. இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

மீனாள் ஆச்சி கதவை விட்டுவிட்டுப் படியிறங்கி வந்தார். கணவரைப் பார்க்கவில்லை. காசிவிஸ்வநாதனைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு டாங்கு முட்ட நிறைஞ்சிருந்துச்சு."

"ஆமா ஆச்சி."

"சாவி எங்க இருந்துச்சு?"

காசிவிஸ்வநாதன் தலையைக் குனிந்துகொண்டார். செட்டியாரின் கை தானாக இடுப்பைத் தொட்டது. தொட்டு, அங்கேயே நின்றது. காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்த அந்தக் காலையில் சாவி அங்கேதான், அவர் வயிற்றுக்கும் பாய்க்கும் நடுவில் கிடந்தது.

"மீனா… எனக்குத் தெரியாதே," என்றார்.

"வீரையாவுக்குந்தான் தெரியாது," என்றார் ஆச்சி. "அவன் அழுதுக்கிட்டே நெம்புகோலை அடிச்சான். நான் அவனை வஞ்சேன்."

வீரையா காரிலிருந்து இறங்கி ஓரமாக நின்றார். தப்பித்தவரின் முகமாக அது இல்லை. "ஆச்சி, உங்க வசவுல தப்பில்லை ஆச்சி," என்றார். "அண்ணனை உசுரோட பாக்க முடியாமப் போனவுக நீங்க."

ஆச்சி அவரைப் பார்த்தார். கண் கலங்கியது. தெருமுனைக் கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். போலீஸைப் பற்றி யாரும் பேசவில்லை. செட்டியார் பூட்டையும் சாவியையும் சேர்த்து வீரையாவின் உள்ளங்கையில் வைத்தார். வீரையா அதை என்ன செய்வதென்று தெரியாமல், சுடுகிற பொருளைப் போல விரல் நுனியில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாவி யார்கிட்ட இருந்தாலும் வழியில நிக்கத்தான் செய்யும்," என்றாள் சொர்ணவல்லி. "இறங்கித் திறக்கணும், மூடணும், திறக்கணும்."

"அப்ப என்னதான் செய்யணும், காசி?" என்று கேட்டார் செட்டியார்.

காசிவிஸ்வநாதன் பித்தளை மூடியைக் கழற்றி, பெட்ரோல் பக்கத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது என்று தள்ளிப் போய்த் திண்ணைக் கல்லின் மேல் வைத்தார். வீட்டுக்குள்ளிருந்து சுத்தியலும் மெல்லிய ஆணியும் வாங்கிவரச் செய்தார். ஆசாரியின் நேர்த்தியான வேலையில் ஆணியை வைக்க ஒரு கணம் அவருக்கே மனம் வரவில்லை. வைத்தார். நடுவில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. மூடியைத் தூக்கி அந்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கடுகளவு வெளிச்சம் தெரிந்தது.

"இவ்வளவுதான்," என்றார். "டாங்க் மூடியில காத்துப் போக ஓர் ஓட்டை வேணும். எவ்வளவு பெட்ரோல் வெளிய போகுதோ, அவ்வளவு காத்து உள்ள வரணும். வந்தா, கார் நிக்காது."